பாறசாலை மேடையில் கம்ப்யூட்டரைக் கூப்பிடச் சொன்ன மாலை

போன வாரம் என் வீடியோ ஒன்றின் கீழே ஒருவர், "இதெல்லாம் கம்ப்யூட்டர் போடுற தாளம்தானே, உங்களுக்கு என்ன வேலை?" என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பாறசாலைப் பயணம்தான் கைக்கு வந்தது.

அது 1999 பங்குனி. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு கோவில் திருவிழாவில் எங்கள் குழுவின் கானமேளா, அதாவது மெல்லிசைக் கச்சேரி. மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி, களியக்காவிளையில் இறங்கி, கேரளா பஸ் பிடித்தேன். எல்லை தாண்டிப் பாறசாலைக்கு மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நான் மேடையில் தாளம் போடும் பெட்டியான ரிதம் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு நெரிசலில் போனால் அதுவே திருவனந்தபுரம் தூரம். டிரைவர் திரும்பிப் பார்த்து, டிவியா என்று கேட்டார். தபலா என்றேன். அவர் பெட்டியை இன்னொரு முறை பார்த்துவிட்டு கியரை மாற்றினார்.

மெஷினோடு வந்த தாளங்கள் எதுவும் நம் பாட்டுக்கு ஒட்டாது. தபலா, டோலக், கஞ்சிரா என்று ஒவ்வொரு அடியையும் விரலால் தட்டி, சமையலறை மேசையில் மூன்று வாரம் இருந்து ஃப்ளாப்பியில் ஏற்றியிருந்தேன். மீன் கருகிய நாட்களும் உண்டு.

அந்தப் பக்கத்துக் கானமேளாக்களில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாவது பாட்டு முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்வார். சொல்லப்பட்டவர் கொஞ்சம் வாசித்துக் காட்டி, கைதட்டு வாங்குவார். பிற்பாடு ஊர்க்காரர்கள் விசாரித்துக்கொண்டு வருவதும் அந்தப் பெயரை வைத்துத்தான். செயலாளர் சுகுமாரன் அண்ணாச்சி வயலின், கிடார், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஆள் பெயர் சொன்னார். என்னிடம் வந்ததும், "தாளம், கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கூட்டம் பலமாகக் கைதட்டியது, பெட்டிக்கு.

அடுத்த பாட்டுக்குப் பாடகர் மைக் முன்னால் வந்து நின்றார். நான் மெஷினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். தாளம் வரவில்லை. கூட்டத்தில் விசில் கிளம்பியது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறி வந்தார்.

"மக்கா, மிஷினு கேடா?"

"கேடு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கம்ப்யூட்டர்தானே அடிக்குது? அதையே கூப்பிடுங்க."

"அது தானா அடிக்குத சாதனம் இல்லியா?"

"அதுல கிடக்குத ஒவ்வொரு அடியும் நான் வச்சதாக்கும்."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிலடிக்கும் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கி, "தாளம், மார்த்தாண்டம் ஸ்டெல்லா" என்றார். பெட்டியை உயிர்ப்பித்து, வழக்கப்படி தனியாகக் கொஞ்சம் வாசித்தேன். கைதட்டு முன்னதைவிடக் குறைவுதான். பரவாயில்லை, அது எனக்கு வந்தது.

மறுநாள் காலை நெய்யாற்றின்கரைக்குப் போனேன். பாறசாலையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டரில் அந்தத் தாளத்தை ஓர் இசைத்தளத்தில் ஏற்ற வேண்டும். பெயர் கேட்கும் கட்டத்தில் நான் தயங்கியதைப் பார்த்து, கடைக்காரர் இன்டர்நெட்டில் யாரும் சொந்தப் பெயர் போடுவதில்லை என்று புத்தி சொன்னார். பெயரோடு ஊரையும் சேர்த்து அடித்தேன். அங்கிருந்து யார் யாரோ எடுத்துப் போட்டு, இன்று அந்தத் தாளம் எத்தனையோ பாட்டுக்கு அடியில் ஓடுகிறது, எங்கேயும் என் பெயர் இல்லை. அதற்காகப் பெயர் போடுவதை நான் விட்டுவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: திருவிழாக் காலத்தில் களியக்காவிளையில் பஸ் மாற நேரம் ஒதுக்கி வையுங்கள். கானமேளாவில் பெயர் சொல்லும்போது கடலை வாங்க எழுந்து போகாதீர்கள். கருத்து எழுதிய நண்பருக்கு: அடுத்த முறை தாளம் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரையே கூப்பிடுங்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நிற்பேன்.