திராட்சை பிடிக்கும் விளையாட்டு

நாலு பத்துக்கு எங்கள் பொமரேனியன் சுருண்டு விழுந்தது. அதுவரை ராயப்பன்பட்டித் தோட்டத்தில் மகள் எறிந்த திராட்சைகளைத் துள்ளித் துள்ளிக் கவ்வி விழுங்கிக்கொண்டிருந்தது. ஒன்று தொண்டையில் சிக்கிவிட்டது. நாக்கு நீலமாயிற்று. பதறிப்போய், அடுத்த தோட்டத்துக்கு வந்திருந்த கால்நடை மருத்துவரை ஃபோனில் அழைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, அதன் வாயில் தண்ணீர் ஊற்றப்போனேன்.

"ஏத்தா, கொல்லவா பாக்குற?"

வேலியோரம் கிடாக்களை ஓட்டிவந்த ஆட்டு வியாபாரி ஓடிவந்தார். ஒல்லி உடம்பு, சட்டையெல்லாம் ஆட்டு வாடை. நாயைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினார்.

"துப்பு மாப்ள, துப்பிரு." கிடாக்களையும் அவர் அப்படித்தான் அழைத்தார்.

பழம் தெறித்தது. மூச்சு வந்தது. நான் அவர் கையைப் பிடித்து அழுதேன்.

"இங்கன பாரு, மாப்ள வாலாட்டுறாக!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அது அடங்குமுன்னே மருத்துவர் வந்து சேர்ந்தார்.

"தொண்டையில சிக்குனது ஒண்ணு. வயித்துக்குள்ள எத்தன போச்சு? திராட்சை நாய்க்கு விஷம்மா."