நாலாவது பரிசு டிபன் கேரியர்

நான் கண்டக்டராக ஓடியது திண்டுக்கல்–கன்னிவாடி தடத்தில். அந்த வேலைக்கு வேண்டிய சத்தம் என் தொண்டையில் கிடையாது. விசில் ஊதக்கூடக் கூச்சப்படுகிறவன் என்று எங்கள் டிரைவர் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நல்ல மனுஷர், வாய்தான் நீளம்.

இரண்டு நடைக்கு நடுவே கால்மணி நேரம் கிடைக்கும். அதற்குள் ஷெட்டில் ஒரு ஆட்டம் ரம்மி. ஜோக்கர் சேராத ஒரிஜினல் வரிசை ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்பது ரம்மியின் விதி. எங்களுக்கு ஏது நேரம்? அந்த விதியை விட்டுவிட்டோம். எப்படியாவது சீட்டுச் சேர்ந்தால், ஆட்டம் முடிந்தது என்று ஒரு சீட்டைக் கவிழ்த்து டிக் அடித்துவிட்டு வண்டியில் ஏறிவிடுவோம்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை அன்று முதலாளி ரம்மிப் போட்டி வைத்தார். கடைசிவரை நிற்கும் நாலு பேருக்கு எவர்சில்வர் சாமான். முதல் பரிசு குடம். நாலாவது, மூன்றடுக்கு டிபன் கேரியர். என் கண் கேரியர் மேல்தான். வீட்டிலிருந்த பித்தளைக் கேரியரின் கொக்கி உடைந்து, கயிறு கட்டித்தான் எடுத்துப்போவேன். ஒருநாள் ரசம் ஒழுகி டிக்கெட் புத்தகம் ஊறிவிட, செக்கர் பயணிகள் முன்னால் வைத்துத் திட்டினார். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து என் மனைவி ரசம் கொடுத்துவிடுவதையே நிறுத்திவிட்டாள். ரசம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

போட்டிக்கு டைம் கீப்பர்தான் நடுவர். ஒரிஜினல் கட்டாயம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தோற்கத் தோற்கப் புள்ளி ஏறும்; இருநூற்றைம்பது தொட்டவர் வெளியே. சீட்டு மோசமாக வந்தால் ஆடாமல் வைத்துவிடலாம். அது ஸ்கூட், இருபத்தைந்து புள்ளி. நான் பெரும்பாலும் ஸ்கூட் விட்டே மதியம்வரை ஓட்டினேன். பதினெட்டுப் பேரில் ஐந்து பேர் மிஞ்சினோம். இன்னும் ஒருவர் போனால் எனக்குக் கேரியர். ஆனால் என் கணக்கு இருநூற்று இருபத்தெட்டு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் அதை எட்டிப் பார்த்தார். "ஏலே அப்பு, இனி ஸ்கூட்டு விட்டாலும் போச்சு. ஆடித்தான் ஆகணும்" என்றார். அவர் கணக்கு நூற்று எண்பது.

ஆச்சரியமாக, அந்த ஆட்டத்தில் எனக்கு மளமளவென்று சீட்டுச் சேர்ந்தது. டிக் அடிக்கக் கை போனது. எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். இரண்டு வரிசையிலும் ஜோக்கர். ஒரிஜினல் இல்லை. கவிழ்க்க எடுத்த சீட்டைச் சும்மா கீழே போட்டேன்.

டிரைவர் அதை எடுத்துச் செருகி, வேறொன்றைப் படீரென்று கவிழ்த்தார். "டிக்!"

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரிஜினல் இல்லாத கைக்கு எண்பது புள்ளி ஏறும்.

டைம் கீப்பர் அவர் சீட்டுகளை விரித்து நிதானமாகப் பார்த்தார். "ஒரிஜினல் எங்கப்பா?"

டிரைவர் குனிந்து பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். "ஷெட்டு நெனப்புல அடிச்சுப்புட்டேன்யா." தப்பான டிக்குக்கு எண்பது. இருநூற்று அறுபதோடு அவர் எழுந்துகொண்டார். மற்றவர்களுக்குப் புள்ளி இல்லை.

அடுத்த ஆட்டத்திலேயே நானும் நாலாவது ஆளாக, கேரியரோடு வெளியேறினேன். அன்று தோற்றுச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் மனைவி புதுக் கேரியரின் ஒரு அடுக்கு நிறைய ரசம் ஊற்றி, டிரைவர் அண்ணனுக்கும் சேர்த்து என்று சொல்லிக் கொடுத்தாள். கன்னிவாடியில் வண்டி நின்றதும் திறந்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

டிரைவர் மோந்து பார்த்தார். "ஏலே, இது ஒரிஜினலா, ஷெட்டு ரசமா?"

"ஒரிஜினல்தாண்ணே."

"அப்ப ஊத்து" என்று சோற்றில் குழி பறித்துக்கொண்டு இலையை என் பக்கம் தள்ளினார்.