செருப்புப் போட்டுத் தொட வேண்டிய வீடு

எங்கள் பெரியப்பா சங்கரலிங்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். நாளை பதினாறாம் நாள் விசேஷத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில், நான் இதை வாசிக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். "நீதான் பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதிப் பரிசு வாங்குதியே, பெரியப்பாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுது" என்றார். நல்லதாக நாலு வார்த்தை மட்டும் எழுதினால் அது அவராக இருக்காது. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். வேறு யாரைப் பற்றியோ வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

செய்தி புதன்கிழமை காலையில் வந்தது. நான் அடுப்படியில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வாளியை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் குழாயின் ஒழுக்கைப் பெரியப்பா மூன்று முறை சரிசெய்திருந்தார். ஒவ்வொரு முறையும் முன்னைவிடப் பெரிய வாளி தேவைப்பட்டது. அம்மா வள்ளியூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை. அப்பா என் தம்பி முகிலுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். போனை எடுத்தவர் "எப்போ?" என்று மட்டும் கேட்டார். பிறகு சட்டையின் மீதிப் பொத்தான்களையும் போட்டு முடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். டவுனில் தன் வீட்டில் இரவு படுத்த பெரியப்பா எழுந்திருக்கவில்லை. அம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். வாளி நிரம்பி வழிந்ததை நான் துடைத்தேன்.

பெரியப்பா அப்பாவுக்கு மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பண்டகசாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கணக்கில் கெட்டிக்காரர் என்று கேள்வி. ஓய்வு பெற்ற மறுநாளே சுத்தியலும் குறடும் இழைப்புளியும் வாங்கிவிட்டார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எங்கள் வீட்டின் வரலாற்றை யாராவது எழுதினால் அந்த நாளைத் துக்க நாளாகத்தான் குறிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். பழைய ஆபீஸ் பை நிறையக் கருவிகள் இருக்கும். செருப்பைக் கழற்றும்போதே "இன்னைக்கு என்ன ஒடைஞ்சிருக்கு?" என்று கேட்பார். ஒன்றும் உடையவில்லை என்றால் முகம் வாடிவிடும். ஆனால் சாயங்காலம் கிளம்புவதற்குள் ஏதாவது உடைந்திருக்கும். "கடையில வாங்குனது கடைக்காரனுக்குத்தான் நல்லாருக்கும்" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாசகம். "வெளியாளக் கூப்பிட்டா ஒரு ஆணி அடிக்க ரெண்டு சுவர ஒடைப்பான்" என்பது இன்னொன்று. பெரியப்பா வெளியாள் யாரையும் கூப்பிடாமலே இரண்டு சுவரையும் உடைத்தார்.

ஏன் விட்டீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்வதற்கு நேரம் வேண்டும். எங்கள் வீட்டில் அது இல்லை. குளியலறைக் கதவு விஷயத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"பெரியத்தான், அந்தக் கதவு சரியாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

"எங்க சரியா இருக்கு? மழைக்கு ஊதிப்போய் இருக்கு பாரு. பைய ஒரு இழைப்பு இழைச்சா வெண்ணெய் மாதிரி வரும்."

"ஆசாரிய வரச் சொல்லிருக்கேன்."

"எந்த ஆசாரி? எங்கன உள்ளவன்? என்ன கூலி கேக்கான்? அவன் என்ன மரத்தப் பாத்திருக்கான்?"

ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னால் மதியம் ஆகிவிடும். ஊறவைத்த துணி ஒரு பக்கம், மூக்கு ஒழுகும் முகில் ஒரு பக்கம். வாரம் முழுவதும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்த அம்மாவுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு. "சரி, செய்யுங்க" என்றாள். எங்கள் வீட்டில் அவர் செய்த எல்லா வேலையும் இந்த இரண்டு சொல்லில்தான் தொடங்கியது.

கதவை இழைத்தார். அதிகம் இழைத்துவிட்டார். கதவு சட்டத்தில் நிற்காமல் தானாகத் திறந்துகொண்டது. அதற்கு மருந்தாக, பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கதவின் ஓரத்தில் வைத்து ஆணி அடித்தார். இப்போது கதவு நன்றாகப் பிடித்துக்கொண்டது. முதலில் உள்ளே போனவர் அப்பா. திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியவர்.

"அண்ணே, கைப்பிடி கையோட வந்துட்டு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உள்ள இருந்து இழுக்கப்பிடாது. வெளிய இருந்து தள்ளணும்."

"நான் உள்ளல்லா இருக்கேன்."

"அதுக்குத்தான் நான் வெளிய இருக்கேம்லா."

பிறகு தள்ளினார். கதவு அப்பாவின் நெற்றியில் பட்டது. நெற்றி வீக்கத்தோடு அப்பா கல்யாணத்துக்குப் போய்வந்தார். "பிள்ளைங்க உள்ள போய்ப் பூட்டிக்கிட்டா நாம தொறக்கலாம்லா, அதுக்காகத்தான் இப்பிடிச் செஞ்சேன்" என்று பெரியப்பா மதியச் சாப்பாட்டில் விளக்கினார். இன்றுவரை எங்கள் வீட்டில் குளிக்கப் போகிறவர் இன்னொருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நான் ஒரு நாள் மறந்துபோய், அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் உள்ளே போய்விட்டேன். அவள் திரும்பி வருவதற்குள் ஒரு செய்யுளை மனப்பாடம் செய்து முடித்தேன்.

முகிலின் பிறந்தநாளுக்கு மூன்று சக்கர சைக்கிள் வாங்குவதாக இருந்தது. பெரியப்பா விடவில்லை. ஆடும் மரக்குதிரை செய்துகொண்டு வந்தார். குதிரைக்குக் காது உண்டு, வால் உண்டு, கண்ணுக்குச் சட்டைப் பொத்தான் உண்டு. அடியில் வைக்கும் வளைந்த கட்டைகளைக் குறுக்காக வைத்துவிட்டார். அதனால் குதிரை முன்னும் பின்னும் ஆடாமல் பக்கவாட்டில் ஆடியது.

"பெரியப்பா, குதிரை முன்னும் பின்னும்லா ஆடணும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "யாருட்டி சொன்னா இது குதிரைன்னு? இது தோணி. உவரியில போய்ப் பாரு, கடல்ல எல்லாம் இப்பிடித்தான் ஆடும்."

"தோணிக்கு எதுக்குக் காது?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு கேக்கதுக்கு."

முகில் வலது பக்கம் ஒரு முறையும் இடது பக்கம் ஒரு முறையும் விழுந்தான். அதற்குமேல் ஏறவில்லை. இப்போது அதன் மேல் ஈரத்துணி காய்கிறது. தவறு நடந்த பிறகு அதற்கு ஒரு காரணம் செய்வதில் மட்டும் பெரியப்பா கைதேர்ந்தவர். மரத்தில் வராத நேர்த்தி அதில் வந்தது. "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பெரியப்பா இறந்த அன்று துட்டி வீட்டில் நடந்ததையும் எழுத வேண்டும். அப்பாவின் தங்கை கோமதி அத்தை வந்தவுடன், "எங்க அண்ணன் தொடாத வேலை உண்டா? அவுக கைராசி இனி யாருக்கு வரும்?" என்று அழுதாள். சுற்றியிருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அம்மா மெதுவாகக் கேட்டாள், "மதினி, ஒங்க வீட்டுல பெரியத்தான் என்ன செஞ்சு தந்தாக?"

அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுல என்ன ஒடையுது? ஒண்ணும் ஒடையலியே" என்றாள்.

அத்தை வீட்டில் பெரியப்பா கட்டிய பரண் ஒரு நாள் பாத்திரங்களோடு இறங்கியதும், அதன் பிறகு அவர் அங்கே போனால் மாமா வாசலிலேயே பையை வாங்கி ஸ்கூட்டரில் மாட்டிவிடுவதும் எல்லோருக்கும் தெரியும். அத்தை, நீங்கள் முன்வரிசையில் இருப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அன்று பெரியப்பாவின் கைவேலையை மெச்சிய யாருடைய வீட்டிலும் அவருடைய கைவேலை ஒன்றுகூட இல்லை. மெச்சுவதற்கு உங்களுக்கு நேரம் இருந்தது. அவர் செய்ததோடு வாழ்வதற்கு நாங்கள் இருந்தோம்.

கடைசியாக வாஷிங் மெஷின். அம்மாவுக்குத் துவைக்க நேரமில்லை என்று அப்பா வாங்கினார். பின்கட்டில் பிளக் பாயிண்ட் இல்லை. பெரியப்பா குளியலறை ஹீட்டருக்குப் போகும் வயரிலிருந்து மெல்லிய வயர் ஒன்றைப் பிரித்து இழுத்தார். இணைத்த இடத்தைச் சுவருக்குள் வைத்துச் சிமெண்டால் பூசினார். தரையிலிருந்து என் முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டியை அறைந்து அதில் பிளக் வைத்தார். சுவிட்ச் வைக்கவில்லை. "பிளக்கப் புடுங்குனா அணைச்ச மாதிரிதான" என்றார். கொஞ்ச நாளில் மெஷினைத் தொட்டால் கை சுர்ரென்றது.

"பெரியத்தான், ஷாக் அடிக்கு."

"அது ஷாக் இல்லம்மா, கசிவு. எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு."

அடுத்த ஞாயிறு வயரை மாற்றுவார் என்று காத்திருந்தோம். அவர் புது ரப்பர் செருப்பு ஒரு சோடி கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்தார். அது மட்டும் கடையில் வாங்கியது.

முகிலுக்கு மூன்று வயது. அவன் செருப்பே போட மாட்டான். ஒரு சனிக்கிழமை காலையில், குளித்த ஈரத்தோடு பின்கட்டுக்கு ஓடி அந்த இரும்புப் பெட்டியில் கை வைத்துவிட்டான். அவன் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி அப்படியே நின்றான். அம்மா அவனைக் கையால் தொடாமல், காய்ந்த துண்டை அவன் இடுப்பில் சுற்றி இழுத்தாள். பிறகுதான் அழுதான். விரலில் வெள்ளையாக ஒரு தழும்பு.

அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. முகிலை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பாவுக்குப் போன் செய்தாள். கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா அப்போது வீட்டில் இல்லை. அதனால் இந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"பெரியத்தான், முகிலுக்கு ஷாக் அடிச்சிட்டு."

"நாளைக்கு வாரேம்மா. அந்த வயர் டேப்ப மட்டும் மாத்தி..."

"டேப் வேண்டாம். இனிமே எங்க வீட்டுல ஒண்ணையும் தொடாதீங்க. நாளைக்குச் சாப்பிட வாங்க. பை இல்லாம வாங்க."

பிறகு, "புள்ள எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"இருக்கான்."

"சரிம்மா."

வாதாடாமல் அவர் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான். மறுநாள் அம்மா அவருக்கும் சேர்த்து உலை வைத்தாள். அவர் வரவில்லை. திங்கட்கிழமை எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார். "சுவருக்கே கரண்ட் வருது. மெயின எறக்கிட்டுச் சுவர ஒடைச்சு மொத்தத்தையும் எடுக்கணும். வியாழக்கிழமை வாரேன்" என்றார். புதன்கிழமை பெரியப்பா போய்விட்டார்.

வியாழக்கிழமை வந்த எலக்ட்ரீசியனை அப்பா வாசலிலேயே திருப்பி அனுப்பினார். "எங்க அண்ணன் கடைசியாச் செஞ்சது. இருக்கட்டும்" என்றார். அம்மா ஏதோ சொல்ல வந்தபோது, "கடைசியா அவுகள வராதீங்கன்னு சொல்லியாச்சு. இனி செஞ்சதையும் பேத்து எறியணுமாக்கும்" என்றார். அம்மா பின்கட்டுக்குப் போனாள். அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டாள். துணியைக் கையால் துவைக்கிறாள். முகில் நேற்று அந்தப் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்து போகப் பார்த்தான். நான் காலைப் பிடித்து இழுத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது யார் இழுப்பார்கள் என்று தெரியவில்லை.

அப்பா, நாளை நீங்களும் என் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். ஞாயிறன்று அவர் வராததைப் பார்த்து நீங்களாக நினைத்துக்கொண்டதுபோல், அம்மா பெரியப்பாவை வராதீங்க என்று சொல்லவில்லை. பை இல்லாமல் வாருங்கள் என்றுதான் சொன்னாள். பை இல்லாமல் ஒரு வீட்டுக்கு எப்படி வருவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதையும் அவர் தெரியாது என்று சொல்லவில்லை. இறந்தவருக்கு மரியாதை செய்ய மாலை போதும், மின்சாரம் வேண்டாம்.

அவருடையது என்று நான் வைத்துக்கொள்ளப்போவது என் புத்தக அலமாரியை. அது இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. புத்தகங்கள் சரியாமல் இருக்கத் தாமிரபரணியிலிருந்து எடுத்துவந்த உருண்டைக் கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறேன். மேல்தட்டு எனக்கு எட்டாது. அளவெடுக்காமல் செய்ததற்கு அவர் சொன்ன காரணம், "நீ வளருவேல்லா" என்பது. அவர் செய்த காரணங்களில் இது ஒன்றுதான் இன்னும் உடையாமல் இருக்கிறது. சாய்ந்த அலமாரியிலிருந்து புத்தகம்தான் விழும். அதனால் அது இருக்கலாம். மற்றது எதுவும் எனக்கு வேண்டாம்.

இதுவரை எழுதியதை இன்று சாயங்காலம் அப்பா வாங்கிப் படித்தார். தோணி வரும் இடத்தில் அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. போன் பேச்சு இருக்கும் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"சாப்பிட வாங்கன்னா சொன்னா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா. பை இல்லாம வாங்கன்னு."

அம்மா முகிலை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அப்பா அவளைக் கேட்டார்.

"நீங்க கேக்கல. எனக்கும் ஒங்ககூட நின்னு வாதாட நேரமில்ல."

அப்பா முகிலின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு எலக்ட்ரீசியனுக்குப் போன் செய்தார். காலையில் முதல் வேலையாக வருவதாகவும், அதுவரை மெயினை இறக்கி வைக்கும்படியும் அவர் சொன்னாராம்.

"விளக்கு வைக்கிற நேரம்" என்றாள் அம்மா. "நாளைக்கு இத்தன பேரு வருவாகளே, ஃபேன் ஓடாதே."

"வேர்த்துக்கிட்டு உக்காரட்டும்" என்றார் அப்பா.

ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு வேர்த்தாலும், பின்கட்டில் சுவர் இடிக்கும் சத்தத்தில் என் குரல் கேட்காமல் போனாலும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா நாற்காலி போட்டு ஏறி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். வீட்டில் எல்லா விளக்குகளும் அணைந்துவிட்டன.