நோர்போதா அண்ணன் மாற்றிய சென்சார்கள்

உஸ்பெகிஸ்தானின் தெர்மெஸ் ஊரில், பஜார் வாசலில் ஷேர் டாக்ஸி ஓட்டும் நோர்போதா அண்ணனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பச்சைத் தேநீரைக்கூட நின்றபடி ஊதி ஊதிக் குடிப்பார். என் கார் பட்டறைக்கு வந்தால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் குதிப்பார். என்ன கோளாறு என்று கேட்டால் சொல்லமாட்டார். எதை மாற்ற வேண்டும் என்று அவரே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தக் கோடையில் அவர் காரின் இன்ஜினில் சூடு ஏறியது, ஏ.சி. அனல் கக்கியது. சூட்டைக் காட்டும் சென்சார் பொய் சொல்கிறது என்று புதிதாக ஒன்றை வாங்கிவந்து மாட்டச் சொன்னார். அதுவும் அதையே காட்டியது. ஏ.சி.க்குக் கேஸ் நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். அப்படியும் குளிரவில்லை.

அன்று காலை இன்னொரு சென்சாரோடு வந்து நின்றார். முகம் செத்திருந்தது. மகள் ஓய்தினுக்குப் பிரசவமாகி நாற்பது நாள் முடிந்துவிட்டது. பிள்ளையோடு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் நாள்.

"சம்பந்தியம்மா கறாரா சொல்லிட்டாங்கடா. ஏ.சி. இல்லாத வண்டியில பச்சப்புள்ளைய அனுப்ப மாட்டாங்களாம். வெயில் தணிஞ்சப்புறம் வாங்கங்குறாங்க. எங்க வீட்டுக்காரி பொலாவ் சோத்துக்குக் கேரட் நறுக்கி வச்சுட்டு வாசல்லயே நிக்கிறா."

"வண்டி ஓடும்போதாவது கொஞ்சம் குளிருதாண்ணே?"

"எப்பவும் இல்ல. சென்சாரை மாத்துடா, பேச்சை வளக்காத."

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்கண்ணே," என்று கத்திவிட்டேன்.

ஆளும் நின்றுவிட்டார். இன்ஜினை ஓடவிட்டு, விசிறி சுற்றுவதைப் பார்த்துவிட்டு, முன்பக்க வலையில் ஒரு காகிதத்தை வைத்தேன். உள்ளே காற்று இழுத்தால் காகிதம் ஒட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தது. வலைக்குள் விரலை விட்டேன். அட்டை தட்டுப்பட்டது.

பனிக்காலத்தில் இன்ஜின் விறைத்துப்போகாமல் இருக்க ரேடியேட்டருக்கு முன்னால் இங்கே எல்லோரும் செருகுவதுதான். வசந்தம் வந்ததும் எடுத்துவிடுவோம். இவருக்கு அதற்கு ஏது நேரம்? கறுப்புச் சாயம் வேறு பூசியிருந்ததால் என் கண்ணிலும் படவில்லை. காற்றை அடைத்து இன்ஜினையும் ஏ.சி.யையும் சூடாக்கிய அதை உருவி எடுத்தேன்.

"ஓய்தின்தான் வெட்டிக் குடுத்தா," என்றார் மெதுவாக. "வயித்துல புள்ளையோட வந்திருந்தப்ப. 'என்னைப் பாக்க வர்ற வழியில வண்டி நின்னுடக் கூடாதுப்பா'ன்னு சாயமும் அவளே அடிச்சா."

பட்டறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அட்டையைத் துடைத்து டிக்கியில் வைத்துக்கொண்டு பறந்தார்.

மத்தியானம் அந்த வெள்ளைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் ஓய்தின், மடியில் துணி சுற்றிய பிள்ளை. கண்ணாடியைத் தட்டினேன். விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இறக்கினார் அண்ணன்.

"சீக்கிரம் பாத்துட்டுப் போடா. குளிர் வெளிய போயிடும்."