எல்லோரும் ஒன்றாக அணைத்தோம்

எண்பதுகளில் மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் இருந்தோம். செம்பனை ஆலையில் பழ நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்து, அந்த நீராவியில்தான் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் பங்களாக்களுக்கும் கரண்ட் எடுத்தார்கள்.

எஸ்டேட் ஆபீஸ் கணக்கரான கிராணி தன் வீட்டில் ஏர்கோன் மாட்டியதும் வந்தது வினை. அது சரியாகக் குளிராவிட்டால் உடனே லயத்துக்கு வந்து, "எல்லாத்தையும் அணைங்க" என்று கத்துவார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த என் மகளின் முன்முடி ஒருநாள் கருகிவிட்டது. அன்றே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஒருமுறை டிவியில் படம் முடிந்து லயமே ஒன்றாக அணைத்தபோது, வாசலில் எரிந்துகொண்டிருந்த பல்புகள் வெடித்தன. பாய்லரில் வேலை செய்த என் கணவர், "சுமை பட்டுனு கொறஞ்சா மெஷின் துள்ளும்லா, கரண்ட் எகிறிடும். ஒவ்வொரு வீடா அணைங்க" என்றார். அதன்பிறகு அப்படித்தான் செய்தோம்.

கிராணி வீட்டில் மேனேஜர் தொரைக்கு விருந்து நடந்த அன்று மட்டும் செய்யவில்லை. ஏர்கோனுக்குக் கரண்ட் பத்தாமல் போகட்டும் என்று லயத்துப் பெண்கள் எல்லோரும் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிவிட்டுக் காத்திருந்தோம். எதிர்பார்த்தபடியே கிராணி ஓடிவந்தார்.

"ஏய், அணைங்க! இப்பவே!"

"இந்தா அணைச்சிடுறோம் ஐயா" என்று சொல்லி, கரண்டியால் தட்டைத் தட்டினேன்.

அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் அணைத்தார்கள். மேட்டில் அவர் வீடு பட்டப்பகலாக மின்னியது. பல்புகள் வெடித்தன, ஏர்கோன் புகைந்தது. மெஷின் நின்று எஸ்டேட்டே இருண்டது.

"யாருடி இத செஞ்சது?"

"நீங்கதானே ஐயா அணைக்கச் சொன்னீங்க?"

மறுநாள் என் கணவருக்குத்தான் ஏச்சு விழுந்தது. அதற்கு மட்டும் வருத்தம். விருந்து நடந்த அந்த இரவும் என் மகள் மெழுகுவத்தியில்தான் படித்தாள். ஆனால் கிராணி வீட்டு ஜன்னலிலும் ஒரு மெழுகுவத்தி எரிந்தது. அவ்வளவு இதமான வெளிச்சத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.