முப்பது முறை, ஒரே திசையில்

1987 நவம்பர் 12, வியாழக்கிழமை. காலை 5.30க்குச் சித்தி என்னை எழுப்பினாள். 5.35க்கு நான் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் ஜன்னலைச் சாத்தி, அரை டம்ளர் வெந்நீர் குடித்து, கைகளை ஈரம் போகத் துடைத்துக்கொண்டாள். சரியாக 5.40க்கு நான் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி "ம்" என்றேன். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி கழித்து அவள் "ஆச்சு" என்றாள். நோட்டில் தேதியையும் நேரத்தையும் எழுதினேன். இப்படி எழுதுவது அன்றோடு தொண்ணூற்று மூன்றாவது நாள்.

அந்த நான்கு நிமிடத்தில் சித்தி செய்தது இது. என் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம் போட்ட தாள் ஒன்றைச் சிலேட்டின்மேல் ஒட்டியிருந்தாள். பவுடர் டப்பா மூடியில் நூறு ராகி மணிகள். ஒவ்வொன்றையும் சாமணத்தால் எடுத்து ஒரு கட்டத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும். கோட்டின்மேல் விழுந்தால் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். சாமணம் என்பது கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் கூர்மையான இடுக்கி. கடைத்தெருவில் வாட்ச் கடை வைத்திருந்த பாயிடம் பழையதாக ஒன்றை அவள் வாங்கியிருந்தாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஓசூர் சிப்காட்டில், வண்டிகளின் ஸ்பீடாமீட்டருக்கு உள்பாகம் பூட்டும் சிறிய கம்பெனி ஒன்று வருடத்துக்கு ஒருமுறை பெண்களை வேலைக்கு எடுத்தது. அதற்குப் பரீட்சை உண்டு. பேனாவுக்கு அதில் வேலையில்லை. ஐந்து நிமிடத்தில் ஐம்பது குட்டி ஸ்க்ரூக்களை ஐம்பது துளைகளில் நிறுத்த வேண்டும், குறைந்தது நாற்பது நிற்க வேண்டும். இதைச் சொன்னது அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த, அடுத்த வீட்டுத் திருநெல்வேலி அக்கா. "கையி ஆடப்படாது, மூச்சுகூடப் பாத்துதான் விடணும் கேட்டியா" என்று அவர் சொல்லிவிட்டுப் போன மறுநாளே சித்தி கடுகை வைத்துத் தொடங்கிவிட்டாள். ஒரு வாரத்தில் கடுகு பெரிதாகத் தெரிந்தது. ராகிக்கு மாறினாள்.

கல்லாவியிலிருந்து அவள் வந்ததே இந்தப் பரீட்சைக்காகத்தான். ஊரில் தாத்தா ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார். தை மாதத்தில் முடித்துவிட வேண்டும் என்று கார்டு போட்டுக்கொண்டே இருந்தார். அப்பாதான் நடுவில் நின்று, ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும், கிடைத்தால் இங்கேயே இருக்கட்டும், கிடைக்காவிட்டால் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே அது ஒரே ஒரு தடவை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியும்.

நேரம் குறிப்பவள் என்ற பதவியை நான் பெரிதாகவே எடுத்துக்கொண்டேன். நோட்டில் இரண்டு கோடு, இரண்டு பத்தி. தேதி, நேரம். முதல் நாள் ஒன்பது நிமிடம் ஐம்பது நொடி. தீபாவளியன்று எண்ணெய்க் கையோடு உட்கார்ந்ததில் ஆறு நிமிடம் முப்பது. அதற்கு முந்தைய நாளே ஐந்துக்குக் கீழே வந்திருந்ததால் எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. சித்திக்கு அப்படி இருந்ததாகத் தெரியவில்லை. எழுது என்றாள், எழுதினேன்.

ஆனால் விடியற்காலையில் எழுவது எனக்குப் பிடிக்கவில்லை. நவம்பரில் ஓசூர்க் குளிர் தரையிலிருந்து ஏறும்.

"நேத்துதான் நல்லா வந்துச்சே சித்தி, இன்னிக்கி வேற எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நேத்து வந்தது நேத்துக்கு. கடியாரத்தப் பாரு."

இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பரீட்சைக்கு முந்தைய வாரம் அது கிடைத்தும் விட்டது. பள்ளியில் காந்தப் பாடம் நடந்தது. அறிவியல் டீச்சர் ஒரு தையல் ஊசியை மேசைமேல் வைத்து, சட்டக் காந்தத்தின் ஒரு முனையால் அதை ஒரே திசையில் முப்பது முறை தேய்த்தார். பிறகு அந்த ஊசி குண்டூசிகளைத் தானாகவே இழுத்தது. வகுப்பில் எல்லோரும் ஊசியைப் பார்த்தார்கள். நான் சித்தியின் ஸ்க்ரூக்களைப் பார்த்தேன். நோட்டைச் சுத்தமாக வைத்திருந்ததற்காக, உடைந்துபோன காந்தத் துண்டு ஒன்றை டீச்சர் எனக்கே கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை மாலை, மறுநாள் பரீட்சைக்குக் கட்ட வேண்டிய புடவைக்கு இஸ்திரி போடச் சித்தி வெளியே போனாள். அம்மா குழாயடியில் இருந்தாள். சாமணத்தை எடுத்துச் சிலேட்டின்மேல் வைத்து, புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதில் போட்டிருந்தபடியே செய்தேன். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, பிறகு காந்தத்தை நன்றாக மேலே தூக்கி, மறுபடியும் முதலிலிருந்து. எண்ணிக்கொண்டே செய்தேன். இருபத்து மூன்றா இருபத்து நான்கா என்று ஒரு இடத்தில் சந்தேகம் வந்தபோது முதலிலிருந்து தொடங்கினேன். முடித்ததும் ஒரு குண்டூசியின் அருகே கொண்டுபோனேன். குண்டூசி துள்ளி ஏறி ஒட்டிக்கொண்டது. சித்தி தொண்ணூற்று இரண்டு நாளில் செய்ததைக் கால் மணி நேரத்தில் செய்து முடித்த திருப்தியோடு சாமணத்தை அதன் துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை மேசையில் ஸ்க்ரூக்கள் தாமாக எழுந்து வரும்போது சித்தியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

ராகிக்குக் காந்தம் ஒரு பொருட்டல்ல. அதனால்தான் வியாழக்கிழமை காலை எந்த மாற்றமும் தெரியாமல் நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடியில் எல்லாம் முடிந்தது. கைக்குப் பழகின சாமணம் இருந்தால் கொண்டுவரலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். சித்தி அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு 8.15 பஸ்ஸில் போனாள்.

நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது மணி 4.20. சித்தி பழைய சேலையில், அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை விடவில்லை.

"காலைல நல்லாத்தானே ஓடுச்சு. அங்க போயி என்னாச்சு மே?"

"ஓடலக்கா, அவ்ளோதான். முப்பத்தொண்ணுதான் நின்னுச்சு."

"பயந்துனியா?"

"தெரில." இன்னொரு காயை எடுத்துக்கொண்டு, "அங்க இருந்த மேடம் கன்னடத்துல என்னமோ சொல்லிச்சு. 'கை சென்னாகிதெ'ன்னா என்னாக்கா?"

அம்மாவுக்கு ஓசூர் வந்த பிறகு கன்னடம் பழகியிருந்தது. "கை நல்லா இருக்குதாம்" என்றாள்.

சித்தி அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சாமணத்தை எடுத்துக்கொண்டு, கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி, என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

எனக்கு இந்த முப்பத்தொன்று விளங்கவில்லை. காந்தம் இருந்தும் முப்பத்தொன்றுதான் என்றால், காந்தம் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்றே கணக்குப் போட்டேன். ஏதோ கொஞ்சமாவது உதவியிருக்கிறோம் என்ற எண்ணம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. பாகலூர் ரோட்டைத் தாண்டுவதற்காக நின்றபோது கேட்டேன்.

"ஸ்க்ரூவெல்லாம் தானா வந்துச்சா சித்தி?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னாது?"

"நாந்தான் தேச்சேன். காந்தத்தால. முப்பது வாட்டி, ஒரே பக்கமா."

கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் இரண்டு போயின. வழி கிடைத்த பிறகும் அவள் நகரவில்லை. பிறகு, திட்டுகிற குரலில் இல்லாமல், ஏதோ ஒன்றைச் சரிபார்க்கிறவள் போலக் கேட்டாள்.

"எப்ப தேச்ச?"

"நேத்து. நீ இஸ்திரி போடப் போனப்ப."

"காலைல ராகி எடுத்தப்ப அது இருந்துச்சா அப்போ?"

"இருந்துச்சு."

"ம்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். நடந்தபடியே நடந்ததைச் சொன்னாள். முதல் ஸ்க்ரூ சாமணம் தொடும் முன்பே ஏறிக்கொண்டது. துளையில் வைத்தால் நிற்காமல் சாமணத்தோடு திரும்பி வந்தது. சில நேரம் இரண்டு மூன்று சேர்ந்து ஒட்டிக்கொண்டன. நகத்தால் தள்ளித் தள்ளி விட வேண்டியிருந்தது. இரண்டு நிமிடம் போன பிறகு கையைத் தூக்கி வேறு சாமணம் கேட்டாள். அது கைக்குப் புதிது. இருந்தாலும் முப்பத்தொன்றில் பெரும்பகுதி அதில் வைத்ததுதான். எடுப்பது பாதி வேலை, விடுவதுதான் மீதி என்பது எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. எங்கள் அறிவியல் புத்தகத்தில் விடுவதைப் பற்றி ஒன்றும் இல்லை.

பாய் சாமணத்தைக் கையில் வாங்கியதும் கண்ணாடி மூடியில் கிடந்த ஒரு ஸ்க்ரூவைத் தொட்டார். ஒட்டிக்கொண்டது. சிரித்தார்.

"ஏம்மா, இத எங்க கொண்டு போயி வெச்ச? ரேடியோ பொட்டி மேலயா?"

நான் வாய் திறப்பதற்குள் சித்தி சொன்னாள். "பாக்காம விட்டுட்டேன் பாய்."

"எனக்கே மாசத்துக்கு ஒருக்கா ஆயிடும். தொட்டுப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது." கம்பிச்சுருள் சுற்றிய ஒரு பெட்டியின் பொத்தானை அழுத்தி, சாமணத்தை அதன் நடுவே விட்டு மெதுவாக வெளியே இழுத்தார். மறுபடி ஸ்க்ரூவைத் தொட்டார். ஸ்க்ரூ அசையவில்லை. நான் கால் மணி நேரம் செய்ததை அவர் ஐந்து நொடியில் இல்லாமல் செய்துவிட்டார். காசு வேண்டாம் என்றார். "பரீட்ச பாஸா?" என்று கேட்டதற்கு, "இல்ல பாய்" என்றாள் சித்தி.

ஏழு மணிக்கு அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். எதிரில் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அப்பா இன்னொரு தடவை பார்க்கலாம் என்று தாத்தாவுக்கு எழுதக்கூடும், எனக்கு அடியும் விழக்கூடும். இரண்டையும் மாறி மாறி நினைத்தேன். சித்தியே முடித்துவிட்டாள்.

"கை ஓடல மாமா."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கடிகாரத்தையும் கழற்றி மாட்டினார். "சரிம்மா. ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுக்கே போயிறலாம். நானே வந்து விட்டுட்டு வரேன்" என்றார். அவர் குரலில் கோபம் ஏதும் இல்லை. அதுதான் எல்லோருக்கும் சிரமமாக இருந்தது.

சித்தி என்னைக் காப்பாற்றினாள் என்றே நினைத்தேன். பெரியவர்களும் பொய் சொல்வார்கள், அது நமக்காக இருந்தால் நல்லதுதான் என்று நினைத்தேன். பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தக் கம்பெனியில் சேர்ந்தது மூன்று ஆண்டுகள் கழித்து, கல்யாணமாகி, கைக்குழந்தையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு. இடையில் அந்த மூன்று ஆண்டுகள் போனது என்னால்தான். அதைப் பற்றிப் பின்னாளில் ஒருமுறை நான் பேச்செடுத்தபோது அவளுக்கு என்மேல் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "நீ சின்னப் பிள்ள. தொட்டுப் பாக்க வேண்டியது யாரு?" என்றாள். பாயிடமும் அப்பாவிடமும் அவள் பொய் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் கணக்குப்படி நடந்ததைத்தான் சொல்லியிருந்தாள்.

நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. இனி எழுப்பமாட்டாள் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். 5.30க்கு எழுப்பினாள். பரீட்சை முடிந்துவிட்டது, வேலை இல்லை, இரண்டு நாளில் ஊருக்குப் போகிறாள், பிறகு யாருக்காக இந்த ராகி என்று கேட்க நினைத்தேன். முந்தைய நாள் நடந்தது நினைவுக்கு வந்ததால் கேட்கவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக அவள் ராகியை எடுக்கவில்லை. தரையில் ஒரு குண்டூசியை வைத்தாள். சாமணத்தின் முனையால் அதைத் தொட்டு, மெல்லத் தூக்கினாள். குண்டூசி தரையிலேயே கிடந்தது. என்னிடமிருந்து நோட்டையும் பென்சிலையும் வாங்கி, நேரத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்தாள்.

"இதுல என்னா எழுதறது?"

"ஊசி. தொட்டுப் பாத்தாச்சுன்னா ஒரு டிக்கு போடு."

என்மேல் இனி நம்பிக்கை இல்லை, அதற்காகத்தான் இந்தக் கோடு என்று நினைத்துக்கொண்டேன். டிக் போட்டேன். அதன் பிறகு அவள் ராகி மூடியைத் திறந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.