மருத்துவமனைக்குத் துணை போன கங்கம்மா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டு ஐப்பசி அடைமழையில்தான் வெரோனிகா முதன்முதலாகக் கங்கம்மாவைக் கண்டாள். சாந்தோமில் இருந்த பிள்ளைநல நிலையத்தின் தாழ்வாரத்தில், மீன் கூடையை மடியோடு அணைத்துக்கொண்டு, சாரல் படாமல் சுவரோரம் ஒண்டியிருந்தாள் கங்கம்மா. கெளுத்தி மீன் முள் குத்திய அவளது வலக்கை வீங்கிப் பளபளத்துக் கொண்டிருந்தது.

"உள்ளே வாங்க அக்கா, கையைப் பார்க்கலாம்."

"வாணாம் நர்சம்மா. நான் வந்தா உன் தரையெல்லாம் நாறிப்பூடும். அப்பறம் நாள் பூரா நீதான் மூக்கப் புடிச்சிகினு நிக்கணும்."

"நானும் இதே ஊர்க் கோயில் தெருவிலே பொறந்தவதான். மீன் வாடை எனக்குப் புதுசா?"

"ஆங், நீ துன்ற மீனு. நான் தூக்கற மீனு. ரெண்டும் ஒண்ணா?"

வெரோனிகா உள்ளே சென்று, வெந்நீரும் பேசினும் எடுத்துவந்து ஈரத் தரையிலேயே அமர்ந்தாள். அந்தக் கையை வெந்நீரில் அமிழ்த்தி, சீழை வடித்து, டிஞ்சர் தடவிக் கட்டினாள். கங்கம்மா முகம் சுளிக்கவில்லை. "பதமா துட. கை அது, கருவாடு இல்ல" என்று மட்டும் சொன்னாள். கட்டை மாற்றிக்கொள்ள மறுமுறை வந்தபோது, தொடையில் கட்டி வந்த பக்கத்துக் குடிசைக்காரியையும் இழுத்து வந்திருந்தாள். "இவளுக்கும் பாரு. வர வெக்கப்பட்டா. வெக்கம் இன்னா, கட்டிய கரைச்சிடுமா?"

வெரோனிகா பங்குக் கோயில் பள்ளி ஆசிரியரின் மகள். பேறுகாலப் பணிக்கும் பிள்ளைநலப் பணிக்கும் பயிற்சி பெற்றவள். எதையும் உள்ளபடி, தெளிவாகச் சொல்லிவிட்டால் மனிதர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று உறுதியாக நம்பினாள். வண்ணப் படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கங்கம்மாவின் மீனவக் குப்பத்துக்குச் சென்று, மருந்துக்கு அஞ்சலாகாது என்று அடிக்கடி பேசினாள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். சிரங்குக்கும் சிராய்ப்புக்கும் நிலையத்துக்கு வந்தார்கள். ஆனால், நோய் முற்றிப் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் ஒருவரும் அசையவில்லை. குடிசையிலேயே கிடந்து மாண்டார்கள். அறியாமைதான், மூட பயம்தான் என்று வெரோனிகா முடிவு கட்டியிருந்தாள். ஓராண்டுக்கு மேலாகியும் அந்த முடிவு மாறவில்லை.

இருபத்தொன்பதாம் ஆண்டு மாசியில் கோவிந்தம்மாவுக்கு முகமும் காலும் வீங்கின. எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. தலைவலி தாங்கவில்லை என்றாள். கண்ணெதிரே புகை மூட்டமாகத் தெரிகிறது என்றாள். அவளது மாமனார் அங்கமுத்துதான் குப்பத்தின் தலைவர். நாட்டார் என்று எல்லோரும் அழைத்தார்கள். கங்கம்மா அவருடைய தங்கை, கணவனை இழந்தவள், அடுத்த குடிசையில் இருந்தாள்.

"இன்றைக்கே மருத்துவமனையிலே சேர்த்தாகணும். வலிப்பு கண்டா தாயும் பிழைக்க மாட்டா, பிள்ளையும் பிழைக்காது" என்றாள் வெரோனிகா.

"அனுப்ப முடியாதும்மா" என்றார் அங்கமுத்து.

வெரோனிகா தன் வழக்கமான பேச்சைத் தொடங்கினாள். மருந்தைக் கண்டு எதற்கு அச்சம், தெய்வம் கோபிக்குமா என்று அவள் அடுக்கிக்கொண்டு போகையில் அவர் கையமர்த்தினார்.

"யாரும்மா மருந்துக்குப் பயந்தது? குப்பத்துல ஒரு சாவு வுழுந்தா, அடக்கம் முடியிற வரிக்கும் ஒரு கட்டுமரமும் கடல்ல எறங்காது. செத்தவங்களுக்கு நாங்க குடுக்கற மரியாதி அது. வூட்டுல போற உசுருன்னா, அன்னிக்கே அடக்கம், மறுநாள் மரம் போவும். அந்த ஆஸ்பத்திரில போனா? முன்னாடி நம்ம துரைராஜ் சம்சாரத்த அங்கதான் உட்டோம். பொணத்தக் குடுக்க அந்தக் கையெழுத்து, இந்தக் கையெழுத்துன்னு நாள் கணக்கா வாசல்ல நிக்க வெச்சாங்க. அத்தினி நாளும் மரம் கரைல கெடந்துது. ஒரு வூட்டுலயும் அடுப்பு எரியல. கொழந்தைங்க அழுத அழுகைய நீ கேக்கல."

இத்தனை நாளும் இல்லாத நோய்க்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தோம் என்று வெரோனிகாவுக்குப் புரிந்தது. சுருட்டிய படங்களைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றாள்.

கங்கம்மாதான் பேசினாள். "அண்ணே, நீ மரத்துக்கு நாட்டாரா, மன்சனுக்கு நாட்டாரா?"

"வாயக் குறச்சிக்க கங்கா."

"இன்னும் மூச்சு வுட்டுகினு கீறவளுக்கு இப்பவே மரத்த இஸ்து கட்டிட்டியே, அதான் கேட்டேன். நான் துணைக்குப் போறேன். ராவும் பகலும் அவ பக்கத்துலயே குந்திகினு கீறேன். இந்த நர்சம்மா சாயங்காலம் சாயங்காலம் வந்து உனுக்குச் சேதி சொல்லட்டும். ஆவாதுன்னு தெரிஞ்சா மூச்சு கீறப்பவே வூட்டுக்குக் கொணாந்துடறோம். அப்ப எவன் கையெழுத்து வோணும்?"

அங்கமுத்து வெரோனிகாவிடம் திரும்பினார். "நல்லதோ கெட்டதோ, உள்ளத உள்ளபடி சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

வண்டிக்காரர் குலாம் முகம்மதுவின் ஜட்கா வண்டியில் கோவிந்தம்மாவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். மருத்துவமனை வாயிலில் காவலாளி தடியைக் குறுக்கே நீட்டினான். "மீன்காரிங்க உள்ளே தங்கக் கூடாது."

"மீனத்தான் குப்பத்துல உட்டுட்டு வந்தேனே, மவராசா. இப்ப நான் வெறும் காரி" என்று சொல்லித் தடிக்கு அடியில் குனிந்து போய்விட்டாள் கங்கம்மா.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரைதான் அவள் இடம். மருத்துவர் சொல்வது எதுவும் கோவிந்தம்மாவின் காதில் ஏறாது. வெள்ளை உடையைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். கங்கம்மா அதைக் கேட்டு வாங்கித் தன் பேச்சில் மாற்றிக் கொடுப்பாள். "உப்பே ஆவாதாம் உனுக்கு. கடலுப் பக்கம் பொறந்தவளுக்கு உப்பு ஆவாதாம், கேட்டியா கதைய. சிரிக்காத, துன்னு." அந்தப் பெண்ணும் உப்பில்லாத சோற்றை விழுங்குவாள்.

வெரோனிகா நாள்தோறும் வேலை முடிந்ததும் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மணலில் நடந்து குப்பத்துக்கு வந்து சேதி சொன்னாள். வீக்கம் சற்று வடிந்திருக்கிறது என்று ஒரு நாள். அப்படியேதான் இருக்கிறது என்று ஒரு நாள். பிறகு ஒரு மாலை, அவள் போய்ச் சேரும்போதே கோவிந்தம்மாவுக்கு வலிப்பு கண்டிருந்தது. நம்பிக்கை குறைவு என்றார் மருத்துவர்.

வழியெல்லாம் அவள் சொற்களைத் தேடினாள். சற்று மென்மையாகச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனையில் இன்னும் ஒரு நாள் கிடைக்குமே என்று மனம் கெஞ்சியது. ஆனால், வலை பிரித்துக்கொண்டிருந்த அங்கமுத்துவின் எதிரே போய் நின்றதும், "வலிப்பு வந்துட்டுது, நாட்டாரே. நிலைமை மோசம்" என்றுதான் வாய் சொல்லிற்று.

அவர் வலையை மடித்து வைத்தார். குலாம் முகம்மதுவை அழைத்துவரச் சொன்னார்.

மருத்துவமனையில் கங்கம்மா அவரைத் தடுக்கவில்லை. சுவரோரம் விலகி வழிவிட்டாள். "பேசினபடி வந்துட்ட. சரி, தூக்கு. வேற எவனும் தொடக் கூடாது. உன் கையாலயே தூக்கு."

அங்கமுத்து குனிந்தார். அவருடைய நிழல் விழுந்ததும் கோவிந்தம்மா கண்ணைத் திறந்தாள். வந்தவர் யாரென்று தெரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று. தெரிந்ததும், அந்த நிலையிலும், விலகியிருந்த முந்தானையைத் தேடிக் கை நகர்ந்தது. "மாமா" என்றாள். "இன்னிக்கு மீன் பட்டுதா?"

அவர் நிமிர்ந்தார். பட்டது, நிறையப் பட்டது என்று சொன்னார். அன்று வலையில் ஒன்றுமே படவில்லை என்பது உடன் வந்திருந்த வெரோனிகாவுக்குத் தெரியும். பிறகு அவர் வெளியே போய், ஜட்காவைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து, தங்கையின் பக்கத்தில் தரையில் அமர்ந்தார்.

விடியும் முன்பே ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். முழங்கை நீளத்தில் ஒரு பெண். தாய்க்கு வலிப்பு மீண்டும் வரவில்லை. கோவிந்தம்மா குப்பத்துக்குத் திரும்பிய அன்று கங்கம்மாதான் முன்னால் நடந்தாள். பிள்ளையை மீன் கூடையில் துணி விரித்துக் கிடத்தி, தலையில் தூக்கிக்கொண்டு, "கோலா மீனு வந்துகீது, கோலா" என்று கூவிக்கொண்டே போனாள்.

அதன் பிறகு குப்பத்தில் அதுவே வழக்கமாயிற்று. யாருக்கு நோய் முற்றினாலும் கங்கம்மா துணைக்குப் போவாள். அவள் கூடையை மற்றப் பெண்கள் முறை வைத்துச் சுமந்து விற்றார்கள். வெரோனிகா மாலையில் சேதி கொண்டுவருவாள். பிழைத்து வந்தவர்கள் உண்டு. மூச்சிருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்தக் கூரையின் கீழ் கண் மூடியவர்களும் உண்டு. எப்படியானாலும் வெரோனிகா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, மரம் தள்ளுகிறவர்கள் அவள் வரும்வரை மணலில் காத்திருந்தார்கள். காவலாளியும் காலப்போக்கில் கங்கம்மாவுக்கு வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டான்.

முப்பத்தேழாம் ஆண்டு கார்த்திகையில் கங்கம்மாவே அந்த வார்டில் படுத்தாள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இம்முறை தரையில் அமர்ந்திருந்தவள் கோவிந்தம்மா. "எத்தினி வருசம் இந்தக் கட்டில கீழேர்ந்து பார்த்தேன். மேல ஏறினா ஒண்ணும் பெரிசா இல்ல" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தாள் கங்கம்மா; சிரிப்பு இருமலாகி அடங்கியது. இரண்டு நாளாக எதையும் உண்ணவில்லை. தண்ணீர் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே புயல் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பல நாளாகக் கடலில் ஒரு மரமும் இறங்கவில்லை. குப்பத்தில் பலரும் பட்டினி கிடந்தார்கள். மறுநாள் விடிகாலையில் புறப்படுவதென்று வலைகளைச் செப்பனிட்டு வைத்திருந்தார்கள்.

அன்று மாலை மருத்துவர் வெரோனிகாவைத் தனியே அழைத்து, இரவு தாண்டாது என்றார். அவள் திரும்பிவந்து கட்டிலருகே நின்றாள். சேதி சொல்லப் புறப்படும் நேரம் ஆகியிருந்தது.

"டாக்டரு சொல்லிட்டாரா?" என்று கேட்டாள் கங்கம்மா.

வெரோனிகா அவளது கையைப் பற்றிக்கொண்டாள்.

"அண்ணங்கிட்ட நீ இப்பப் போயி உள்ளதச் சொன்னா, இப்பவே தூக்கிகினு போவ வந்துடுவாங்க. ராவே வூட்டுல என் உசுரு போனா, நாளிக்கு மரம் நின்னுபூடும். இத்தினி நாளு காஞ்ச வயிறு, இன்னொரு நாளும் காயணும். விடியக்காலைல மரம் எறங்கிட்டா போதும், அப்பறம் பொணத்துக்கு எத்தினி கையெழுத்து கேட்டாலும் வூட்டுல அடுப்பு எரியும்."

"நான் எப்படி அக்கா…"

"பொய் சொல்ல மாட்ட. தெரியும். குப்பமே அதுக்குத்தான உன்ன நம்புது. நானும் உன்ன பொய் சொல்லச் சொல்லல." மூச்சு வாங்கியது. சற்றுப் பொறுத்து, தலையணையிலிருந்து எழுந்திருக்க முயன்றாள். கோவிந்தம்மா முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கி அமர்த்தினாள். "கொஞ்சம் கஞ்சி கொணா, நர்சம்மா. உன் கண்ணு முன்னால ரெண்டு மொடக்கு குடிக்கிறேன். கங்கம்மா எழுந்து குந்திகினு கஞ்சி கேட்டா, குடிச்சான்னு போயிச் சொல்லு."